பாலத்து அரக்கனோடு பேரம்

காளிராஜுக்குச் சங்கரன்கோவிலில் ஒரு பெயின்ட் கடை. வாரம் முழுக்க வெறும் காளிராஜ்தான். ஞாயிறு மதியம் மட்டும் அரக்கன், சூனியக்காரி, ஊர்த்தலைவர், தேவைப்பட்டால் குதிரை. வேல்ராஜின் விசைத்தறிக் கூடத்து மாடியில் நான்கு பேர் கூடி ஆடும் ஆட்டத்தில் கதை சொல்லும் வேலை அவனுடையது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். இதை மனைவியிடம் பலமுறை விளக்கிப் பார்த்தான். "சரி, சாப்பிட வாரியளா?" என்பதற்கு மேல் அந்த உரையாடல் வளர்ந்ததே இல்லை.

இந்த ஆட்டத்துக்கு ஒரே விதிமுறை என்று கிடையாது. உலகத்தில் ஆளாளுக்கு ஒரு விதிப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறார்கள். காளிராஜ் மனதைப் பறிகொடுத்தது செங்கல் பருமனில் இருந்த ஒன்றிடம். இருபது முகப் பகடை. வாளை எப்படி வீசினால் எவ்வளவு காயம் என்பதற்குப் பக்கம் பக்கமாக அட்டவணை. பேச்சுவார்த்தைக்கு மட்டும் அரைப் பக்கம்.

வினை அந்த அரைப் பக்கத்தில் இருந்தது. அவனுடைய கூட்டாளி முகம்மது ஹுசைன் ஆட்டுத் தரகன். ஆட்டத்தில் மாவீரன்தான், ஆனால் எந்தப் பூதம் எதிரே வந்தாலும் வாளை உறையில் போட்டுவிட்டு, "உக்காரும், பேசுவோம்" என்பான். போன மாதம் பாலத்தைக் காக்கும் அரக்கனிடம், கடந்துபோகக் கூலியாக இத்தனை ஆடு என்று பேசிக்கொண்டிருந்தான். அரக்கன் ஒன்பதுக்கு இறங்கியும் வந்துவிட்டான். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் நிர்மலாதேவி அப்போது புத்தகத்தைத் திருப்பினாள்.

"அண்ணாச்சி, ஹுசைன் அண்ணன் முறை முடிஞ்சிட்டு. இப்ப அரக்கன் அடிக்கணும். விதின்னா விதிதான்."

காளிராஜ் பகடையை உருட்டினான். இருபது விழுந்தது, தப்பவே முடியாத அடி. மாவீரன் ஆற்றில் மிதந்தான். வேல்ராஜ் தரையில் புரண்டு சிரித்தான். ஹுசைன், "சரிவே" என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டினான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மூன்று பேராகவும் ஆடலாம்தான். ஆனால் காளிராஜுக்கு ஹுசைன் வேண்டும். தன்னை ஒரு அரக்கனாக மதித்து, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து பேசியவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

"விதிய மாத்தாதீங்க, புத்தகத்த வேணா மாத்துங்க" என்றாள் நிர்மலாதேவி. கொலைக்கு யோசனை சொன்ன உறுத்தல் அவளுக்கும் இருந்தது. காளிராஜ் அலமாரியில் இருந்த வேறு இரண்டு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டுச்சந்தைக்குப் போனான்.

குருவிகுளம் பக்கத்து ஆடுகள் வந்து இறங்கியிருந்தன. ஹுசைன் ஒரு பெரியவரோடு நின்றிருந்தான். இருவர் கைகளும் ஒரு துண்டுக்குள். முகங்களில் ஒன்றுமில்லை. உள்ளே விரல்கள்தான் விலை பேசிக்கொண்டிருந்தன. காளிராஜ் ஆர்வத்தில் தோளைத் தொட்டான்.

"ஏவே ஹுசைனு..."

ஹுசைன் திரும்பவில்லை. பெரியவர்தான் முறைத்தார். "கை துண்டுக்குள்ள இருக்குல்லா? தள்ளி நில்லும்."

தள்ளி நின்றான். ஒரு வெள்ளாடு அவன் பையை மோந்து பார்த்து, விதிமுறைகள் பிடிக்காமல் நகர்ந்துபோனது. பேரம் முடிந்து ஹுசைன் தானே வந்தான்.

"ஏவே, செத்ததுக்கா கோவம்?" என்று கேட்டான் காளிராஜ்.

"செத்தா சாவுதேன், அதுக்கென்ன. பேச்சு நடக்கும்போதே அடிச்சீரு பாத்தீரா? இங்கன கை பிடிச்சிட்டா, முடியுறவரை பெத்த தகப்பன்கூட குறுக்க வரமாட்டான். அரக்கன்னா என்னவே, யாவாரத்துக்கு வந்தவன்தான?"

காளிராஜ் பையைத் திறந்தான். "இத பாரும். பேயி இருக்க பங்களாவுல துப்பறியுற ஆட்டம்."

"பேயிகிட்ட பேசலாமா?"

"பேசினா பைத்தியம் பிடிக்கும்."

"அது உமக்கு இப்பவே பிடிச்சிருக்கு. அடுத்தது?"

அடுத்தது மெலிசான புத்தகம். "இதுல நல்லாப் பேசலாம். பேசிட்டு ரெண்டு பகடை உருட்டணும்."

"நான்தான் பேசுதேனே. பகடை எதுக்கு?"

எத்தனையோ இரவு இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு எந்த விதிமுறை உசத்தி என்று சண்டை போட்ட காளிராஜ், இந்தக் கேள்விக்குப் பதிலை மெலிசான புத்தகத்தில் தேடினான். ஹுசைன் துண்டை உதறி விரித்தான்.

"கையக் கொடும். அடிக்கிறதுக்கு முன்னாடி விட்ட இடத்துல இருந்து. நீரு அரக்கன், ஒன்பதுல நிக்கீரு."

துண்டுக்குள் ஹுசைனின் பிடி மென்மையாகத்தான் இருந்தது. ஒரு ஆடு குறைய ஒரு விரலை மடக்கினான். காளிராஜ் அதை நிமிர்த்தினான். ஹுசைன் இன்னொன்றை மடக்கினான். அரக்கன் உறுமிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கிடா மட்டும் பயந்தது. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தன உருப்படிவே பேசுதீக?"

"ஒரு பாலம் அண்ணாச்சி" என்றான் காளிராஜ்.

அவர் மேலும் கேட்கவில்லை. கை துண்டுக்குள் இருந்ததல்லவா!

கடைசியில் அரக்கன் இறங்கிய இடம், அரக்கர் குலத்துக்கே தலைகுனிவு. ஹுசைன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "ஞாயித்துக்கிழமை வாரேன். அந்தத் தாலுகா ஆபீஸ் பிள்ளகிட்ட எத்தனைக்கு முடிஞ்சிதுன்னு சொல்லக் கூடாது."

"உயிரே போனாலும் சொல்லமாட்டேன்வே."

வந்தான். சண்டைக்குச் செங்கல் புத்தகம், பேச்சுக்குத் துண்டு என்று காளிராஜ் அறிவித்தான். எல்லா விதிமுறையையும்விட இதுதான் தனக்குப் பிடித்தது என்று சொல்ல நினைத்தான். வேல்ராஜ் சிரிப்பான் என்று விட்டுவிட்டான்.

"துண்டுக்குள்ள தப்பு நடந்தா யாரு பாக்குறது?" என்றாள் நிர்மலாதேவி.

"யாரும் பாக்க முடியாது."

"எனக்குப் பகடையே போதும். உங்க கையப் பிடிச்சிக்கிட்டு நான் ஒண்ணும் பேச வேண்டாம்."

அதுவும் நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஹுசைன் எதிரே வந்து சம்மணமிட்டான்.

"பாலம் தாண்டியாச்சு. அங்கிட்டு யாருவே இருக்கா?"

ஒரு அரக்கி இருந்தாள். மகா கஞ்சம்; லேசில் இறங்கமாட்டாள். காளிராஜ் வாரம் முழுக்க, பெயின்ட் கலக்கும்போதெல்லாம், அவளை யோசித்து வைத்திருந்தான்.