லூட் ப்ளெட்சோவின் தங்கம்

இன்று குத்தகைக் கெடுவின் கடைசி நாள். சூரியன் மறைவதற்குள் எண்ணெய்க் கிணற்றுக்குத் துளை போடும் உளி மண்ணைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் குத்தகைப் பத்திரம் வெறும் காகிதம். 1911இல் ஓக்லஹோமா எண்ணெய்க்காரர்கள் அத்தனை பேரும் அறிந்த விதி அது. ஆர்ஃபாவும் அறிவாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செத்துப்போனவன் அவள் புருஷன்.

கிணற்றுக்காக எண்ணெய்க் கம்பெனி முளை அடித்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி அவள் தம்பி லூட்டின் கல்லறை. துளையிலிருந்து வரும் சேற்றைக் கொட்டும் குழி சரியாக அவன் நெஞ்சின் மேல் வரும்.

"நூறடி தள்ளிப் போட்டா உங்க எண்ணெய் கோவிச்சுக்குமா?" என்றாள்.

கம்பெனி ஆள் ப்ரூயிட் சுருட்டைக் கடித்தான். "ரயில் கொள்ளைக்காரனுக்கு சமாதி ஒரு கேடா? சேத்துலயே கிடக்கட்டும்."

மரக்கோபுரம் எழுந்து நின்றது. நீராவி எஞ்சின் புகைந்தது. இன்னும் இரண்டு மணி நேரப் பகல்தான் பாக்கி. எட்டு ஆட்கள் உளியை வடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

லூட் அடித்த தங்கம் எங்கோ புதைந்திருக்கிறது என்பது பன்னிரண்டு வருஷமாக அந்த மாவட்டத்தின் வேதவாக்கு. கேட்டு வந்தவர்களையெல்லாம் துப்பாக்கியைக் காட்டி விரட்டியவள் ஆர்ஃபா. உண்மையில் லூட் செத்தபோது அவன் பூட்ஸில் அடித்தோல்கூட இல்லை.

அவள் நேராக மேஸ்திரி டாலிவரிடம் போனாள்.

"மேஸ்திரி, எண்ணெய் வந்துட்டா ஊரே இங்க கூடிடும். அதுக்குள்ள ஓடைக்கரையில இடி விழுந்த ஓக் மரத்தடிப் பெட்டியைத் தோண்டி எடுத்தாகணும். தனியா முடியல. ரெண்டு ஆளை அனுப்புங்க."

உளி அந்தரத்தில் நின்றது.

"எந்தப் பெட்டி?"

"தெரியாத மாதிரிதான் கேளுங்களேன்!"

"ரெண்டு ஆளுன்னா எந்த ரெண்டு?" என்று ஒருவன் பாய்ந்தான். "ஆஹா, நீ போய் அமுக்கிக்கிட்டு வா!" என்றான் இன்னொருவன். அடுத்த நிமிஷம் எட்டு மண்வெட்டிகளும் ஓடையை நோக்கிப் பறந்தன. மேஸ்திரிதான் முன்னால்.

"டேய்! பொய்டா அது! வாங்கடா!" ப்ரூயிட் கத்தினான்.

"நீயே குத்திக்க துரை!" என்றான் ஓடியவர்களில் ஒருவன்.

அவன் எஞ்சினிடம் ஓடினான். நெம்புகோலை இழுத்தான், உதைத்தான், கெட்ட வார்த்தை சொன்னான். நெருப்பு தணிந்திருந்தது; உளியும் பாதிதான் மாட்டியிருந்தது. ஆர்ஃபா கல்லறையின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

சூரியன் முழுதாக விழுந்தபோது, கழுத்துவரை சேறாக அவர்கள் திரும்பினார்கள்.

"அக்கா, ஒரு ஆணிகூட இல்லையே!"

"இருக்காது. அவன்கிட்ட எப்பவும் எதுவும் இருந்ததில்ல."

ப்ரூயிட்டின் முகம் வெளிறியது. "ஏமாத்துக்காரி! கொள்ளைக்காரப் புத்தி போகுமா?"

"எப்படிப் போகும்? கூடப் பிறந்தவதானே." ஆர்ஃபா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "கோபுரத்தைப் பிரிங்க. பிரிச்சுக்கிட்டு என் நிலத்தை விட்டு வெளியே போங்க."