ஹபீப் ரஹ்மானின் குதிரைகள்

மையத்தைச் சுற்றிய கபன் துணியை முடிச்சிடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்த்துவிடச் சொல்லி மெஹ்ரினைக் கூப்பிட்டார்கள். அவள் அத்தாவின் நெற்றியில் கை வைத்தபோது, பின்வாசலில் அத்தாவின் தம்பி, சின்னத்தா சாதிக், போனில் பேசுவது கேட்டது.

“எல்லாத்தையும் ஏத்திட்டு வெரசாக் கெளம்பிருங்க. அங்க ஒரு பொம்பள மட்டுந்தான் இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

எதை ஏற்றுவது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் அத்தா ஹபீப் ரஹ்மான் போடி மார்க்கெட்டில் ஏலக்காய் வியாபாரியாக இருந்தவர். குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் சரக்கு பார்க்கப் போன நாளில், முழங்கால் உடைந்த மட்டக்குதிரை ஒன்று ரோட்டோரம் கிடந்தது. இனி மூட்டை சுமக்காது என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் சரக்கு பார்க்கப் போகவில்லை. அது சாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் கடைச்சாவியைத் தம்பி சாதிக் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் தனக்கிருந்த தோட்டத்தில் கொட்டகை போட்டார். ஜீப்பு வந்ததும் சோலி இல்லாமல் போன சுமைக்குதிரைகள், சவாரிக்கு ஓடி நொண்டியாகிப்போனவை எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. மார்க்கெட்டில் சிரித்தார்கள். “ஏலக்காய்க்கு நீங்க இத்தனை பேரு இருக்கீங்கள்ல, போதும்” என்றார் அவர்.

இன்று காலையில் கொட்டகையில் புல்லை உதறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

மெஹ்ரின் பின்வாசலுக்குப் போனாள். “யாருக்குக் குடுக்குறீங்க சின்னத்தா?”

சாதிக்கின் கண்கள் வீங்கியிருந்தன. “யாரோ கொண்டுபோறாங்க. உனக்கெதுக்கு? எங்கண்ணனத் தின்னதே அதுகதான். அவரு மண்ணுக்குள்ள போகுறதுக்கு முன்னாடி அதுக இந்த ஊரவிட்டுப் போகணும்.”

“கறிக்கா?”

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

உள்ளே சுவரோரம் வெள்ளைச் சேலையில் அம்மா அக்தர் பானு உட்கார்ந்திருந்தாள். கணவர் கடையை விட்ட நாளிலிருந்து அவள் அந்தத் தோட்டத்துக்கு ஒருதரம்கூடப் போனதில்லை. அவர் கட்டிவரும் கைலியைத் தனி வாளியில்தான் நனைப்பாள். மெஹ்ரின் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அம்மா தலையை நிமிர்த்தினாள்.

“வண்டிச் சாவி ஆணியில தொங்குது. எடுத்துட்டுப் போ.”

கூடியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாதிக் வாசற்படியை மறித்து நின்றார். “மையத்து வீட்டுல கெடக்கு. பெத்த மக ஊர்சுத்தப் போறாளா அண்ணி? சனம் என்ன பேசும்?”

“ஜனாஸாத் தொழுகைக்கு ஆம்பளைங்க நீங்க இத்தனை பேரு இருக்கீங்க தம்பி. அங்க யாரு இருக்கா?” என்றாள் அக்தர் பானு. குரல் உயரவில்லை. “வழிய விடுங்க.”

அவர் நகரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தல் தாண்டியதும் ரோடு ஏறத் தொடங்கியது. மெஹ்ரின் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டே போனாள். முக்காடு கழுத்தில் சரிந்து காற்றில் அடித்துக்கொண்டது.

தோட்டத்துக்குள் மினி லாரி நின்றது. பின்பலகையை இறக்கி ஒரு குதிரையை ஏற்றியிருந்தார்கள். கொட்டகையில் வேலை பார்க்கும் ஜக்கம்மாள் அடுத்த குதிரையின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டிரைவரோடு மல்லுக்கு நின்றாள். மெஹ்ரின் கேட்டுக்கு நடுவில் ஸ்கூட்டியைக் குறுக்காக நிறுத்தி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“வண்டிய எடும்மா. சாதிக் பாய் சொல்லித்தான் வந்துருக்கோம்” என்றார் டிரைவர்.

“குதிரை அவரோடது இல்ல. எங்கத்தாவோடது.”

“அப்ப அவரக் கூப்புடு. பேசிக்கிறேன்.”

“அவர இப்ப பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. ஒண்ணு குதிரைய எறக்குங்க. இல்ல, என் மேல ஏத்திட்டுப் போங்க.”

டிரைவர் அவளையும் ஜக்கம்மாளையும் மாறிமாறிப் பார்த்தார். போனை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, பேசாமல் திரும்பப் பைக்குள் போட்டார்.

“எளவு வீடுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலம்மா. ஆனா என்னால அத எறக்க முடியாது. ஏத்தயிலயே ஒதச்சிருச்சு. நீயே எறக்கிக்க.”

மெஹ்ரினுக்குக் குதிரை என்றால் பயம். அத்தா இருந்தபோது கேட்டுக்கு வெளியே நின்றுதான் சோற்றுத் தூக்கைக் கொடுப்பாள்.

“ஒரு கண்ணு தெரியாது பாப்பா அதுக்கு,” என்றாள் ஜக்கம்மாள். “தெரியிற பக்கமாப் போ. பேசிக்கிட்டே போ.”

மெஹ்ரின் பலகையில் ஏறினாள். மூத்திர வாடை மூக்கில் அடித்தது. குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக் காலை உதைத்தது, தகரம் அதிர்ந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், “வா... வீட்டுக்குப் போவோம், வா” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கயிற்றைத் தொட்டாள். குதிரையின் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அது ஒரு காலை எடுத்துப் பலகையில் வைத்தது.

லாரி போன பிறகு ஜக்கம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மெஹ்ரின் அழவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு ஜீப்பு வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. சாதிக் இறங்கினார். அடக்கம் முடிந்து நேராக வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் கைகளில் செம்மண் அப்பியிருந்தது.

“தெற.”

“தெறக்க மாட்டேன் சின்னத்தா.”

“நாளைக்கு யாரு பாக்குறது இதுகள? நீ பாப்பியா?”

“பாப்பேன்.”

“எத்தன நாளைக்கு?”

“நீங்க நாளைக்கு வாங்க, பேசுவோம். இப்ப இதுக திங்கிற நேரம்.”

அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் பார்த்தார். காலையில் அண்ணன் உதறிய புல் அங்கே பாதி பரப்பியபடி கிடந்தது. தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். போய் ஜீப்புக்குள் உட்கார்ந்தார்.

மெஹ்ரின் ஒரு புல்லுக்கட்டைப் பிரித்தாள். அடுத்ததையும் பிரித்தாள். ஜீப்பு கிளம்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.