வாலைப் பிடித்த முயல்

சவப்பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர்களின் தோள்கள் குலுங்கின. எல்லோரும் அழுகிறார்கள் என்றுதான் யோரிஸ் நினைத்தார். மனைவி கோடலீவுக்காக இத்தனை பேரா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் வரிசையில் மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டபோதுதான் சந்தேகம் தட்டியது.

தேவாலயத்தில் பூசையின் நடுவே வரிசையாக வந்து பெட்டியைத் தொடுகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுப்பது ஊர் வழக்கம். அதில் என்ன படம் வர வேண்டும் என்று கோடலீவே எழுதி வைத்திருந்தாள்: ப்ரூஜ் நகர நூலகத்து ஜெபப் புத்தகம், எண்பத்தேழாம் தாள், கீழ் ஓரம். அறுநூறு வருஷத்துக்கு முன் கன்றுத்தோலில் பொன்னும் வண்ணமும் இழைத்து எழுதிய புத்தகம். இருபது வருஷமாக வியாழன் தவறாமல் போய், பூதக்கண்ணாடியும் கையுமாக அதன்மேல் கவிழ்ந்து கிடந்தவள்.

யோரிஸ் பஸ் ஓட்டியவர். ரோட்டைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்தவரில்லை என்பது தெருவுக்கே தெரியும். அச்சகத்தில் மாதிரியைக் காட்டியபோது, “ஏதோ சவ ஊர்வலம், பொருத்தமாத்தான் இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மைத்துனி இர்மா குறை சொல்ல முடியாதபடி இந்த ஒரு காரியத்தையாவது முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

அந்த இர்மா, கோடலீவின் அக்கா, இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யோரிஸ், இது என்ன படம்?”

“சவ ஊர்வலம்.”

“தூக்கிட்டுப் போறது முயல் கூட்டம். பாடையில கிடக்கிறது வேட்டைநாய். முன்னாடி அங்கி போட்ட குரங்கு, புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டுப் போகுது. நம்ம பாதிரியார் இன்னும் பாக்கல. மிச்ச அட்டையை உள்ள வைக்கச் சொல்லு.”

“அவதான் கேட்டா.”

“அவ என்ன வேணா கேப்பா. உனக்குக் கண்ணு எங்க போச்சு?”

கோடலீவும் நாற்பது வருஷம் கேட்டது இதைத்தான். பெட்டிக்குள் வைக்க மறந்த அவளுடைய பூதக்கண்ணாடி கோட்டுப் பையில் கனத்தது. எடுத்து அட்டைமேல் பிடித்தார்.

பாடைக்குக் கடைசியில் ஒரு குட்டி முயல். அது எதையும் சுமக்கவில்லை. நாயின் வால் மண்ணில் இழுபடாமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தது. முகத்தில் அவ்வளவு அக்கறை.

யோரிஸ் நெடுநேரம் பார்த்தார். பிறகு அவருடைய தோளும் குலுங்கியது.

“குடுக்கட்டும் இர்மா. கடைசி வரிசைக்கும் போகட்டும்.”

“ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சிட்டுத்தானே இருக்கு.”

அதற்குள் ஒரு அட்டை பாதிரியார் கைக்குப் போய்விட்டது. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த புத்தகம் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். கோவில் முழுக்கச் சிரிப்பு அலையாக உருண்டது.

“அந்தக் கண்ணாடியை இங்க குடு” என்றாள் இர்மா. குனிந்து பார்த்தவள், “இந்தக் குரங்கு அப்படியே எங்க சித்தப்பா” என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் முந்தின நாள் மழை தேங்கியிருந்தது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கி நடந்தார்கள். மலர்வளையத்தின் வெள்ளை ரிப்பன் அவிழ்ந்து, பின்னால் சேற்றைத் தொடப் போனது. யோரிஸ் இரண்டு எட்டு வேகமாக வைத்து, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.