கிண்ணம் வழியும் வரை

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. வென்னப்புவக் கரையில் ஒருத்தி தண்ணீர் ஊற்ற மறுத்த கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

அவள் பேர் அசும்தா, மாதா கோவிலில் வளர்ந்தவள். அவள் புருஷன் பியரத்ன, புத்த விகாரைக்குப் போகிறவர். முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரை. ஒரு சுவரில் திரு இருதயப் படம், எதிர்ச் சுவரில் புத்தர். சண்டை ஒன்றே ஒன்றுதான், அதுவும் சிரிப்போடு.

"மோட்சத்தில எனக்குப் பக்கத்தில ஒரு இடம் பிடிச்சு வைக்கிறன், வந்திடுங்க" என்பாள்.

"நான் இனி எங்கயுமே பிறக்கக் கூடாதெண்டு பாக்கிறன். நீ இடம் பிடிக்கிறியா?" என்பார்.

அவர் போய் மூன்று மாதம். கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை அவள் இன்னும் துவைக்கவில்லை. அன்றைக்கு அவர் பேரில் பிக்குகளுக்கு அன்னதானம். பிக்குகள் சாப்பிட்டு முடித்து ஓதத் தொடங்கினார்கள். குடும்பம் பாயில் உட்கார்ந்தது. தட்டில் ஒரு கிண்ணம், அசும்தா கையில் செம்பு. கிண்ணம் நிரம்பி வழிந்தால் புண்ணியம் இறந்தவரைச் சேரும். அதன் பின் எல்லோரும், "அவர் நிர்வாணம் அடையட்டும்" என்பார்கள்; இனி எங்கேயும் பிறவாத நிலை அது.

தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"ஊத்து தங்கச்சி, ஏன் நிப்பாட்டினாய்?" என்று கிசுகிசுத்தாள் பியரத்னவின் அக்கா யசவதி.

"மாட்டன் அக்கா. அவர் எங்கயுமே இல்லாமப் போயிட்டா, நான் எந்த வாசல்ல போய்த் தேடுறது?"

"ஆர், என்ர தம்பியா? அடுத்த வீட்டுப் பூவைத் திருடி விகாரைக்குக் கொண்டுபோனவன்! அவனுக்கு ஒரே பாய்ச்சலில நிர்வாணமா? போடி பைத்தியம்!"

ஓதல் தடுமாறி நின்றது. பெரிய பிக்கு விசிறியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"சாமி, அவருக்கு இன்னும் எத்தனை பிறவி?" என்று கேட்டாள் அசும்தா.

"எனக்கு எத்தனையெண்டே எனக்குத் தெரியாதம்மா. அவர் பாடு இன்னும் தூரம்."

தூரம் என்ற அந்தச் சொல் அவள் வயிற்றில் பால் வார்த்தது. அழுதுகொண்டே சிரித்தாள். செம்பைச் சாய்த்தாள். கிண்ணம் வழிந்து விரல்கள் நனைந்தன. எல்லோரும் நிர்வாணம் வேண்டினார்கள். அவளும் வாயசைத்தாள், வேறு வார்த்தைக்கு: "மெதுவாப் போங்க. நான் வருமட்டும் எங்கயாவது இருங்க."

நனைந்த விரல், மாதா கோவில் வாசலில் தீர்த்தம் தொடும் பழக்கத்தில், நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

உங்கள் வீட்டில் முன்னே நடக்கிறவர் திரும்பிப் பார்த்து நிற்கிறவராக இருக்கட்டும், கண்ணுகளா. அடுப்பும் விளக்கும் அணையாமல் நன்றாயிருங்கள்.