மூன்றாவது லிஃப்ட்டின் கார்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் நான்கு மாதமாக மூன்று வாத்தியார்கள் குடியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள், சாப்பாடும் கேட்காதவர்கள். ஆனால் வாய் மட்டும் ஓயாது. காலையில் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற அவர் மனைவி, ஐம்பத்திரண்டு வயதில் மத்தியான வகுப்பில் அறவியல் படிக்கச் சேர்ந்ததன் பலன் இது.

முதல் வாத்தியார் விளைவுக்காரர். ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், அதனால் யார் யாருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு தொல்லை என்று பார்க்கச் சொல்வார். இரண்டாமவர் கடமைக்காரர். எவனுக்கு நன்மை வந்தால் என்ன, பொய் பொய்தான் என்பார். எல்லோரும் இப்படியே செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்று மடக்குவார். மூன்றாமவர் குணக்காரர். இதைச் செய்துசெய்து நீ எப்படிப்பட்ட ஆளாக ஆகப்போகிறாய் என்பதே அவர் கவலை. பெயர் வைத்தது மெக்கானிக்தான். மனைவி வாய்விட்டுப் படிப்பாள், அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். அவள் புதிதாக வெட்டிக்கொண்டு வந்த முடி நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லிவைத்ததற்கு ஒரு சாயங்காலம் முழுக்க விசாரணை நடந்தது. மூன்று வாத்தியார்களும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் மனுஷன் தப்பித்தார்.

வீட்டில்தான் இந்தக் கேலியெல்லாம். வெளியே போனால் பெருமையில் தலைகால் புரியாது. லிஃப்ட்டுக்குக் கயிறு மாட்ட வந்தவனிடம்கூட, 'எங்க வீட்டுல ஃபிலாசஃபி படிக்கிறாங்க' என்று சொல்லாமல் விடமாட்டார்.

அவளுடைய வகுப்பு நடந்த ஏழு மாடிக் கட்டடத்தின் மூன்று லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. மாதம் ஒருமுறை பரிசோதித்து, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்ட கார்டை ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் செருக வேண்டும். வேலை முடிந்து கையெழுத்துப் போடுவதுதான் முறை. ஆனால் வேலை முடிந்த கையில் முழங்கை வரைக்கும் கிரீஸ் இருக்கும். தொட்டால் கார்டு பாழ். அதனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவுடன் கை சுத்தமாக இருக்கும்போதே எல்லாக் கார்டிலும் கையெழுத்துப் போட்டுச் செருகிவிட்டு, அப்புறம் மேலே மிஷின் ரூமுக்கு ஏறுவார்கள். இவரும் இருபத்தாறு வருடமாக அப்படித்தான் செய்துவந்தார். ஒரு தரமும் பிசகியதில்லை.

அவளுடைய பரீட்சை அன்று பிசகியது. பரீட்சை நடந்தது ஊரின் மறுகோடியில். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. வெளியே வரும்போது வாசலில் நிற்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. அவள் கேட்கவில்லை, இவரே நினைத்துக்கொண்டது. இரண்டு லிஃப்ட்டை முடித்துவிட்டு மணியைப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அவள் வாசலுக்கு வந்தபோது மூச்சிரைக்க நின்றார். பொய் சொல்வது பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பதாகவும், கடமைக்காரர் பக்கம் நின்று விளைவுக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டதாகவும் அவள் சொன்னாள். இருவரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீடு வந்தார்கள்.

மறுநாள் காலை வேலை அறிக்கை எழுத உட்கார்ந்தவருக்கு மூன்றாவது லிஃப்ட்டில் பேனா நின்றது. கார்டைச் செருகியாயிற்று, லிஃப்ட்டைப் பார்க்கவே இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். லிஃப்ட்டை நிறுத்தி பிரேக், கயிறு, கதவு, அடிக்குழி என்று ஒன்று விடாமல் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. புது லிஃப்ட்டு மாதிரி இருந்தது. மிஷின் ரூம் தரையிலேயே சற்று நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். ஆபீசில் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். சொன்னால் கையெழுத்துப் போடும் அதிகாரம் போகும். ஒரேயடியாகவும் போகலாம். அந்தத் தொழிலில் கையெழுத்து இல்லாதவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவன்தான்.

வாத்தியார்களை வீட்டுக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். இப்போது மூன்று பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். யாருக்கு என்ன கெட்டுப்போனது என்று கேட்டாள். லிஃப்ட் நன்றாகத்தானே இருக்கிறது, பார்த்தும் ஆகிவிட்டது, சொல்வதால் யாருக்கு நன்மை என்று கேட்டாள். விளைவுக்காரரே கூச்சப்பட்டிருப்பார், அப்படி வாதாடினாள்.

"பரீட்சையில வேற மாதிரி எழுதினதா சொன்னியே" என்றார் அவர்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது பரீட்சைங்க. இது நீங்க. எனக்காகத்தானே ஓடி வந்தீங்க."

அவருக்கு அவள்மேல் அப்போது பொங்கி வந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காலையில் பார்த்ததைச் சொன்னார். வேலையை முடித்துவிட்டு அவர் கீழே நிற்கையில், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். லிஃப்ட்டுக்குள் கால் வைக்குமுன் கார்டை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

"நேத்தும் யாராவது அப்படிப் பார்த்திருப்பாங்கல்ல? லிஃப்ட் சரியாத்தாம்மா இருந்துச்சு. கார்டுதான் சரியா இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய் அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டாள். காலரில் இரண்டு தரம் தேய்த்தாள்.

மேற்பார்வையாளர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாரும் முன்னாடியே போடறதுதானே அண்ணே, நீங்க ஏன் வந்து சொல்றீங்க" என்றாள். பிறகு அவளே பெருமூச்சு விட்டு, விதி விதிதான் என்று எழுத ஆரம்பித்தாள். ஆறு மாதம் அவர் எந்தக் கார்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் பார்க்கிற லிஃப்ட்டை 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடுகிற இளைய மெக்கானிக் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுவான். அத்தோடு, கை துடைக்க ஒவ்வொரு மிஷின் ரூமிலும் துணிக்கட்டு வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு உத்தரவு போனது. இருபத்தாறு வருடமாக யாருக்கும் தோன்றாத யோசனை.

ஒல்லியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த முதல் வாரம் அவர் வீட்டில் அதிகம் பேசவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்வானேன்.

அடுத்த பாடம் தொடங்கிய நாளில் அவளை வகுப்பில் விட அவரும் போனார். மூன்று லிஃப்ட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். வகுப்பு ஐந்தாவது மாடியில். முழங்கால் வேறு அவளுக்கு அவ்வளவு நன்றாயில்லை.

என்ன பைத்தியக்காரத்தனம், லிஃப்ட்டுதான் ஓடுகிறதே என்றார். உள்ளே எட்டிப் பார்த்ததாகவும், கார்டில் இருப்பது யாரோ ஒருத்தருடைய கையெழுத்து என்றும் அவள் சொன்னாள். ஒல்லி கெட்டிக்காரன், என்னைவிட ஒழுங்காகப் பார்க்கிறான் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லா பார்ப்பாருங்க. ஆனா பார்க்காம விட்டுட்டா வந்து சொல்லுவாரான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுவீங்க."

அவர் அவள் கையிலிருந்த புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டாவது மாடியில் ஒரு தரமும் நான்காவது மாடியில் ஒரு தரமும் உட்கார்ந்து எழுந்து, இருவரும் ஏறினார்கள்.