சனிக்கிழமை ஒப்புரவு

"அய்யா, நாளைக்கு இவியளுக்கு நற்கருணை குடுக்கக் கூடாது."

கேட்டுவிட்டாள். ஒருநாளும் கேட்கக் கூடாதென்று பெற்ற தாய் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்ததை, ராஜபாளையம் சபை முழுக்க உட்கார்ந்திருக்கையில் தேவகிருபை எழுந்து நின்று கேட்டுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் பாதிரி ஐயர், மறுநாள் ஆராதனைக்காக வெள்ளிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில், அவள் 'இவிய' என்று சுட்டிய புருசன் பொன்னுராஜ் வாத்தியார் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், மனஸ்தாபம் உள்ளவர்கள் ஐயர் முன்னால் கைகொடுத்து ஒப்புரவாக வேண்டும் என்பது அந்தச் சபையின் பழக்கம். வரப்புத் தகராறு, கோழித் தகராறு எல்லாம் அங்கேதான் தீரும். கைகொடுத்த பிறகு பழசைப் பேசக் கூடாது. பேசினால் பேசியவர்தான் பாவி. வரப்பு வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் அது சரி. அடிக்கிறவனுக்கும் அடிவாங்குகிறவளுக்கும் அதே சட்டம்தானா? மாதாமாதம் பொன்னுராஜ் கைகொடுத்தார். கண்கலங்கவும் செய்தார். மறுநாள் அப்பத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஐயருக்குப் பக்கத்தில் நின்றார். வாரம் திரும்புவதற்குள் சோற்றில் ஒரு கல் போதும், பிள்ளையின் அழுகை போதும். பங்குனியில் விழுந்த அறையில் அவளது இடது காது அடைத்துக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. அடுத்து வந்த சனிக்கிழமை அந்தக் காதுக்கும் சேர்த்துத்தான் கைகொடுத்தாள்.

நற்கருணை மறுக்கப்பட்டவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்க முடியாது. அவள், மகள் இன்பம், கூடவே இருக்கும் அம்மா எல்லோருக்கும் அந்தச் சம்பளம்தான் கஞ்சி. அம்மா சத்தியம் வாங்கியது அதற்காக. "தாலியறுத்தவகூட சபையில உக்காரலாம். புருசன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவளுக்குப் பொம்பளைப் பாயில எடம் கெடையாது" என்றிருந்தாள்.

தேவகிருபை, புருசன் மனம் திரும்பவேண்டுமென்று அடுப்படிப் புகையில் முழங்காலில் நின்று ஜெபித்தவள்தான். உபவாசமும் இருந்தாள். காது அடைத்த பிறகு ஒரு விடிகாலையில் ஜெபம் தானாகவே மாறிப்போனது. அவரை மாற்றும் என்று வாயில் வரவில்லை. என் காலுக்குப் பெலன் தாரும் என்று வந்தது. அந்த வார்த்தையைத் தந்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஏட்டி, உக்காரு. எடம் தெரிஞ்சு பேசு" என்றார், ஐயர் இல்லாத நாட்களில் சபையை நடத்தும் உபதேசியார் சத்தியநேசன்.

பாயில் அவளுக்குப் பின்னாலிருந்த ரோசம்மாள், பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "வாத்தியார் கையில பெரம்பு இருக்கும்னு தெரியாமயா கட்டிக்கிட்டா?"

சில பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். அவர்களில் இரண்டொருவர் நேற்று அடிவாங்கியவர்கள்.

ஐயர் கெட்டவர் அல்ல. மெதுவாகவே பேசினார். அவர் நின்றது அவளுக்கு இடதுபுறம். அவள் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுக்கவேண்டியிருந்தது.

"மன்னிக்கிறதுக்கு எல்லை கிடையாதும்மா. ஆண்டவர் சொன்னது உனக்குத் தெரியாததா?"

"மன்னிச்சிட்டேன் அய்யா. இன்னைக்கும் மன்னிச்சிட்டுத்தான் வந்தேன். அது எம்பாடு. இந்தக் கிண்ணம் உங்க பாடு. தகுதியில்லாமக் குடிக்கிறவன் ஆக்கினைத் தீர்ப்பக் குடிக்கான்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதான். இவிய எம்புட்டுக் குடிச்சிருக்காவன்னு பாத்துக்கிட்டு, திரும்பவும் ஊத்துவியளா?"

யாரும் சிரிக்கவில்லை. ஐயர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு பொன்னுராஜைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஐயர் வாய் திறக்கப்போகிறார், கிண்ணம் கிடையாது என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார் என்று தேவகிருபை நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அன்றைய தினத்தின் அடிகளில் பெரிய அடி.

"வாத்தியாரே, முன்ன வாங்க. ரெண்டு பேரும் கைகொடுங்க" என்றார் ஐயர்.

பொன்னுராஜ் எழுந்து வந்தார். கண் நனைந்திருந்தது. நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் ஒட்டிய வலது கையை நீட்டினார். அது பொய்யழுகை அல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அது நிஜம்தான். அதனாலேயே அதற்கு முடிவில்லை.

கோயிலுக்கு வருமுன்பே, இன்பத்தையும் தகரப்பெட்டியையும் பஸ் ரோட்டையொட்டிய ராசாக்கமார் தெருவிலிருக்கும் தன் சிநேகிதி நாச்சியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சொல்லி வைத்தவளும் நாச்சியார்தான். அம்மாவைப் பிறகு வந்து கூட்டிக்கொள்ளலாம். ஐயர் வேறு சொல் சொல்லியிருந்தாலும் அவள் போயிருப்பாள். ஆனால் இந்தக் கோயிலையும் மனசில் கூடவே எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

நீட்டிய கையை அவள் தொடவில்லை. பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பாயை மிதிக்காமல் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தாள். பின்னால் உபதேசியார் கூப்பிட்டார், ரோசம்மாள் என்னவோ சொன்னாள். ஐயர் கிண்ணத்தை மறுபடி துடைக்கத் தொடங்கியிருந்தார்.

கோயில் சுவரையொட்டிப் பாதை திரும்பியபோது சாயங்கால மணி அடித்தது. மணிக்கூண்டு அவளுக்கு இடப்பக்கம். அந்தக் காதில் ஒன்றும் விழவில்லை. வலது காதில் மட்டும் விழுந்தது, கரிப்புகை கக்கிக்கொண்டு பஸ் நிற்கும் ரோட்டுப் பக்கமிருந்து யாரோ அடிப்பதுபோல. அவள் அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தாள்.