மஞ்சள் கயிற்றுக்கு வெளியே

அன்று காலை பத்து மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வருவதாக இருந்தது. ஒன்பது நாற்பதுக்கு லோவல் பிங்கமின் இடது கால் அறுக்கக் கொண்டுவந்த ஒரு பைன் மரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அறுவை எந்திரத்தை ஓட்டும் லோவல், அவருடைய மனைவியின் தம்பி மெர்ல், ஹாட்லாக் கிராம மர அறுவைச் சங்கத்தின் தலைவி ஆர்டிஸ் ஹாஸ்கெல், செயலரான நான். மே மாதம் பிறந்து ஒரு வாரம். சேறு பாதி காய்ந்திருந்தது. கடிக்கும் கருப்பு ஈக்கள் முழுதாக வந்துவிட்டிருந்தன.

மரத்தை யாரும் தொடவில்லை. அடுக்கிய மரக்குவியலின் மேலிருந்து அது தானாகக் கிளம்பி, அவசரமில்லாமல் உருண்டு வந்து, லோவலின் பூட்ஸ் முனையில் ஏறி நின்றது. பன்னிரண்டு அடி நீளம், ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன்.

"மச்சான், கால எடுங்க," என்றான் மெர்ல்.

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனாடா?"

"வலிக்குதா?"

லோவல் யோசித்தார். "தெரியல. உள்ள ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருக்கு."

"யாரும் அந்தக் காலப் பத்திப் பேசாதீங்க," என்றார் ஆர்டிஸ். "பாக்கவும் பாக்காதீங்க."

இது கல்நெஞ்சம் அல்ல, எங்கள் ஊர் நடைமுறை. போன வருடம் மே மாதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுவைப் பகுதிக்குள் அடுத்த முந்நூற்று அறுபத்தைந்து நாளில் ஒரு காயம் ஏற்பட்டாலும் அன்றே காப்பீடு ரத்து, எந்திரத்துக்குப் பூட்டு. அறுவைப் பகுதி என்றால் எது என்று கேட்டு ஆர்டிஸ் பதில் போட்டார். மஞ்சள் கயிறு கட்டி நீங்களே குறித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எழுதினார்கள். கட்டினோம். கயிற்றுக்கு வெளியே எட்டடி தள்ளி ஒரு பெஞ்சும் போட்டோம்.

அதற்குப் பிறகு உள்ளே யாருக்காவது அடிபட்டால் அவர் அதைப் பார்ப்பதில்லை. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்ப்பார். அக்டோபரில் எந்திரத்துக்கென்று சுருட்டி வைத்த வாள்பட்டை அவிழ்க்கும்போது பாம்பு போல விரிந்து எங்கள் சங்கத்து டுவைட்டின் தாடையைக் கிழித்தது. அவன் வானத்தைப் பார்த்தபடி நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "அட, ரத்தம்," என்றான். பிப்ரவரியில் கண் முழுக்க மரத்தூள் போன மெர்லைக் கைபிடித்துக் கூட்டிவந்தோம். எழுபத்தொரு வயது ராஸ்கோ, கட்டைவிரலைக் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வருடத்தில் மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் நான் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்: "கயிற்றுக்கு வெளியே, பெஞ்சில் கண்டறியப்பட்டது." என் பதிவேட்டை மட்டும் படிப்பவர், எங்கள் ஊரில் மிக ஆபத்தான பொருள் அந்த பெஞ்சுதான் என்று முடிவுகட்டுவார்.

சாலையோரக் கம்பத்தில் பலகை ஒன்று உண்டு. "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி, கீழே எண் மாட்டுவோம். அன்று காலை 364. ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் 365.

லோவல் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. வயலுக்கு அந்தப்பக்கம் தெரிந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மகள் வெர்னாவின் வீடு. நான்கு சுவரும் எழும்பிவிட்டன, கூரை இருக்கவேண்டிய இடத்தில் தார்ப்பாய். மழை பெய்தால் வெர்னா தொட்டிலைச் சமையலறைக்கும் படுக்கையறைக்குமாகத் தள்ளிக்கொண்டிருப்பாள். கூரைக்கு இன்னும் நாற்பத்திரண்டு பலகை அறுக்கவேண்டும். எந்திரத்தைப் பூட்டிவிட்டால் அந்தத் தார்ப்பாய்தான் அடுத்த பனிக்காலம் வரைக்கும்.

"மரத்தப் புரட்டிடலாமே," என்றேன்.

"புரட்டினா கால் வெளிய வரும்," என்றார் ஆர்டிஸ். "வந்தா நடக்க முடியுமா, அவரு பெஞ்சுக்குப் போவாரான்னு உனக்குத் தெரியுமா, செக்ரட்டரி? எலும்பு உடைஞ்சிருந்தா அங்கயே விழுவாரு. கயித்துக்கு உள்ள."

"அப்ப மில் எந்திரத்த இழுத்துட்டுப் போயிடலாம்," என்றான் மெர்ல். "சக்கரம் இருக்குல்ல. மில் போயிட்டா அப்புறம் இது வெறும் வயக்காடுதானே?"

"ஆய்வு பண்ண வர்ற அம்மா எதப் பாப்பாங்க? உன் மூஞ்சியவா?" என்றார் ஆர்டிஸ்.

சற்று நேரம் ஈக்களை விரட்டினோம். பிறகு ஆர்டிஸ் சொன்னார்: "அவரு கயித்துக்கு வெளிய வர முடியாது. கயிறு அவரத் தாண்டி உள்ள வரலாம்."

இது விதிமாற்றம் என்பதால் ஓட்டெடுக்கவேண்டியிருந்தது. நான்கு கைகளும் உயர்ந்தன. மரத்தடியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாலும் லோவலுக்கு ஓட்டுரிமை இருந்தது. மூன்று முளைகளைப் பிடுங்கி நட்டோம். சீராக இருந்த சதுரத்தின் ஒரு மூலை உள்ளே மடங்கி, லோவல் மரத்தோடு வெளியே ஆனார். கயிறு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஓடியது.

"இப்பப் புரட்டுங்கடா," என்றார் லோவல்.

மெர்ல் கொக்கித் தடியை எடுத்தான். அந்த நேரத்தில் சாலையிலிருந்து ஒரு வெள்ளை வண்டி திரும்பியது.

"தடியக் கீழ போடு," என்றார் ஆர்டிஸ் பல்லைக் கடித்தபடி. "லோவல், சும்மா சாஞ்சி நில்லுங்க. வேடிக்கை பாக்க வந்தவரு மாதிரி."

ஆய்வாளர் பெயர் நொயெல்லா கோர்மியே. பாங்கோர் நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். கையில் அட்டையும் படிவமும், காலில் அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய செருப்பு. ஆர்டிஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்த டோனட்டை வாங்கிக்கொண்டு கயிற்றைச் சுற்றி நடந்தார்.

"மூலை ஏன் இப்படி மடங்கியிருக்கு?"

"மண்ணு அமைப்பு," என்றார் ஆர்டிஸ்.

"இவர் யாரு?"

"பக்கத்து ஊருங்க. மரம் அறுக்கறதப் பாக்கப் பிடிக்கும்."

லோவல் தொப்பியைத் தொட்டு வணங்கினார். ஒரு கையை மரத்தின் மேல் போட்டு, ஒரு காலை முன்னே வைத்து, புகைப்படத்துக்கு நிற்பவர் போல நின்றார். நெற்றியில் ஏழெட்டு ஈக்கள்.

"சரி," என்றார் நொயெல்லா. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து நின்றுகொண்டார். "ஒரு பலகை அறுத்துக் காட்டுங்க. ஆப்பரேட்டர் யாரு?"

ஆப்பரேட்டர் பக்கத்து ஊர்க்காரராகி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"நான்தான்," என்றான் மெர்ல்.

மெர்ல் ஆறு வருடமாக அறுத்த பலகைகளை எடுத்து அடுக்குகிறான். ஓட்டியதில்லை. கண்ணாடியைப் போட்டான், காதடைப்பை மாட்டினான், எந்திரத்தின் மேல் கிடந்த மரத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்தான். பிறகு பொத்தானைத் தேடினான்.

"மரம் அசையாம கிளாம்ப் மாட்டுவாங்க, பொதுவா," என்றார் லோவல் வானத்தைப் பார்த்து.

மெர்ல் கிளாம்ப் மாட்டினான்.

"வாள் மேல மூடியும் போடுவாங்க. நான் பாத்த எடத்துல எல்லாம்."

மூடியைப் போட்டான். எந்திரம் உறுமியது. வாள் தண்டவாளத்தில் நகர்ந்து மரத்துக்குள் நுழைந்தது. பலகை மேடுபள்ளமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. நொயெல்லா படிவத்தில் ஏதோ குறித்தபடி, "உங்க விருந்தாளிக்கு நல்ல விஷய ஞானம்," என்றார்.

லோவல் அதைக் கேட்கவில்லை. அவர் கண் வாளின் மேலேயே இருந்தது. வாள் பலகையின் கடைசிக்கு வந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மெர்ல் தன் ஆறு வருடப் பழக்கத்தில், பலகையை எடுக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனான்.

"மெர்ல்! கைய எடுடா! வாள் நிக்கலடா, மடையா! கைய எடு!"

அந்தக் குரல் காதடைப்பைத் தாண்டிப் போனது. மெர்ல் சூடுபட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். வாளுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு டோனட் போகும் இடைவெளி இருந்தது. வாள் முனகி முனகி நின்றது.

அந்தக் கத்தலில் நொயெல்லா இரண்டு அடி பின்னால் வைத்தார். மூன்றாவது அடியில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஓடிய மஞ்சள் கயிறு அவர் முழங்காலின் பின்புறத்தைத் தடுத்தது. அவர் மல்லாக்க விழுந்தார். இடுப்புவரை வெளியே, கால்கள் உள்ளே. படிவம் சேற்றில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, என் கணுக்—"

"பாக்காதீங்க!" என்றோம் நாங்கள் மூவரும் ஒரே குரலில்.

பழக்கம்தான். அவர் குனிந்து பார்ப்பதற்குள் நானும் மெர்லும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்து, ஆர்டிஸ் கால்களைப் பிடித்து, பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். முழு விஷயமும் பத்து விநாடி. வருடம் பூராவும் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்.

"இப்பப் பாக்கலாம்," என்றார் ஆர்டிஸ் மூச்சு வாங்க.

கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. நொயெல்லா அதைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முட்டாள் அல்ல அந்த அம்மா.

"என்னை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"இங்க அப்படித்தாங்க, மேடம்," என்றான் மெர்ல்.

நான் பதிவேட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தேன். "எங்க அடிபட்டுச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் எழுதிக்கறேன்."

உள்ளே என்று சொன்னால் எந்திரத்துக்குப் பூட்டு. கூடவே அவர் படிவத்தின் நான்காம் வரியையும் நிரப்பவேண்டும்: கயிற்றுக்குள் நின்றவர் இரும்புமுனை பூட்ஸ் அணிந்திருந்தாரா? சேறு அப்பிய தன் செருப்பை அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். லோவல் மரத்தில் சாய்ந்தபடி வயலுக்கு அந்தப்பக்கம் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்கியது.

"பெஞ்சில்," என்றார் நொயெல்லா. "பெஞ்சிலதான் கண்டுபிடிச்சோம்."

பத்தாவது பதிவு. எழுதிக் கையெழுத்து வாங்கினேன். படிவத்தின் சேற்றைத் துடைத்து அதிலும் அவர் கையெழுத்திட்டார். பரிந்துரை என்ற இடத்தில், "கயிறு இன்னும் பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் நல்லது," என்று எழுதினார்.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்றார் லோவல். "அப்ப யாராவது வந்து இந்த மரத்த எடுங்கப்பா."

நொயெல்லா நிமிர்ந்தார். "எந்த மரத்த?"

மெர்ல் கொக்கித் தடியால் புரட்டினான். லோவல் காலை இழுத்தார். பூட்ஸின் முனையில் ஒரு கீறல். கழற்றினார், காலுறையை உரித்தார். ஐந்து விரலும் வெளுத்துச் சுருங்கி, ஆனால் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார். இரும்புமுனை தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்போதே புரட்டியிருந்தால் அவர் தானே நடந்து போயிருப்பார். கயிறும் இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

"இவ்வளவு நேரமா அங்க நின்னீங்க," என்றார் நொயெல்லா.

"வேடிக்கை பாக்க வந்தேங்க."

அவரை வண்டி வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். திரும்பும்போதுதான் எண் பலகைக்குக் கீழே அதைக் கண்டேன். கம்பம் சாயாமலிருக்க அடியில் ஒரு கட்டை செருகியிருந்தது. முக்கோணமாக அறுத்து, சிவப்பு வண்ணம் பூசிய கட்டை. மரக்குவியல் உருளாமல் அடியில் வைக்கும் தடுப்புக்கட்டை.

"மெர்ல், இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் வச்சேன், காலையில." அவன் காதைச் சொறிந்தான். "அந்தம்மா வர்றப்ப 364 கோணலா இருந்தா அசிங்கமா இருக்காதா?"

லோவல் ஒற்றைப் பூட்ஸோடு நொண்டி வந்தார். கட்டையைப் பிடுங்கி, கொண்டுபோய் மரக்குவியலின் அடியில் காலால் உதைத்து இறுக்கினார். பிறகு மற்ற பூட்ஸையும் மாட்டிக்கொண்டு எந்திரத்தைக் கிளப்பினார். ஒவ்வொரு பலகைக்குப் பிறகும் வாள் முழுக்க நிற்கும்வரை மெர்ல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

நாலு மணிக்குள் நாற்பத்திரண்டும் அறுத்தாயிற்று. நான் எண்ணை மாற்றி மாட்டினேன். 365 இன்றும் கோணலாகத்தான் தொங்குகிறது. அதை நிமிர்த்த யாரும் முன்வரவில்லை.